கருணை விகுதி

உலகத்தில் எத்தனையோ மொழிகள் காட்டிலும் மேட்டிலும் பிறந்திருக்கின்றன. ஏசி அறையில் சுகப்பிரசவமான பெருமை சுமை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் மொழி ஒன்றுக்கே உண்டு. எட்டு அதிகாரிகள் கூடி, மலைபோல் பிஸ்கட் தின்று பெற்றெடுத்தார்கள்.

அதன் முதல் வினைச்சொல் 'லூமா'. நிமிர்ந்து சொன்னால் 'தூக்கு'. குனிந்து சொன்னால் 'இறக்கு'. கடைசியில், யார் கருணையால் அந்த வேலை நடக்கிறதோ அவர் பதவியைச் சேர்க்க வேண்டும். இது 'கருணை விகுதி'. கருணையில்லாமல் ஒரு துரும்பைத் தூக்கினாலும் பிழை. பிழை செய்தால் சீட்டுக் கிழியும்.

சுமைகாரர்களில் இதைக் கரைத்துக் குடித்தவன் 'அகராதி'. முதுகு போன மனிதன். பரீட்சையில் தேறினால் 'மொழிக் கண்காணி' வேலை, உட்கார நாற்காலி! பரீட்சை இதுதான்: இரும்பு பீரோவை மல்லாத்தி, மச்சினனோடு சேர்ந்து, விகுதி பிசகாமல் சொல்லி நாலாம் மாடிக்கு ஏற்றி இறக்க வேண்டும்.

“லூமா மேலாளரே!” நிமிர்ந்து முழங்கினான். பீரோ எழுந்தது.

மேலே, கூட்ட அறை வாசலில் இறக்கக் குனிந்தான். உள்ளிருந்து ஒரு தலை நீண்டது.

“நில்லு! மேலாளர் இப்பத்தான் பொது மேலாளர் ஆனார். புது விகுதி முடிவாகலை. கூட்டம் போடறோம்.”

கதவு சாத்திக்கொண்டது. 'பொது' முன்னால் வருவதா, பின்னால் வருவதா என்று உள்ளே காரசாரமான விவாதம். நடுநடுவே பிஸ்கட் நொறுங்கும் சத்தம்.

“மச்சான், கை கழண்டுடும் போலிருக்கு.”

“பொறுடா, நாற்காலி போயிடும்.”

“நாற்காலி வர்றதுக்குள்ள நம்மளைத் தூக்க நாலு பேர் வந்துடுவாங்க!”

அகராதியின் முழங்கால் இலக்கணத்தை மறந்தது. யார் கருணையும் இல்லாமல் பீரோ தானே தடாலென்று இறங்கியது. வெளிப்பக்கம் திறக்கும் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு படுத்தது.

“டேய், கதவு திறக்கல! பீரோவைத் தூக்குங்கடா!” உள்ளே கூச்சல், சுத்தமான தாய்மொழியில்.

அகராதி பீரோமேல் பணிவாக உட்கார்ந்தான்.

“அப்படிச் சொன்னா பிழைங்கய்யா. யார் கருணையாலன்னு சேர்த்துச் சொல்லுங்க.”

அதுதான் இன்னும் முடிவாகவில்லையே!

“மச்சான், நாற்காலி?”

“இதைவிடப் பெருசா எவன் குடுப்பான்? நீயும் உட்காரு.”

கதவு முனகியது. எட்டுத் தோள்கள் மூச்சுமுட்டத் தள்ளின. மொழி வரலாற்றில் பொன்னாள் அது: வினைச்சொல் செய்த அந்த எட்டுப் பேரும், வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாய், அன்றுதான் ஒரு வினை செய்தார்கள்.