பத்திரிகைப் படத்தில் இல்லாத பன்றி

ஃபுனாஃபுட்டி தீவு,
விமானம் வரும் செவ்வாய்க்கிழமை.

ஆக்லாந்தில் இருக்கும் அருமை மகள் லெபேகாவுக்கு அப்பா சிலிகா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், உன் அம்மா, பன்றி மூவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய டிக்கெட் கிடைத்தது. வரமாட்டேன்.

பத்திரிகையில் என் படத்தைப் பார்த்து நீ சாப்பிடாமல் அழுதாய் என்றும், உன் ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து எனக்குக் கம்பளி வாங்கியிருக்கிறார்கள் என்றும் அம்மா சொன்னாள். இந்த வெயிலில் கம்பளியா! இடுப்பளவுக் கடலில் கண்கலங்கி நிற்கும் கிழவனுக்குக் கீழே 'மூழ்கும் தீவின் கடைசி மனிதர்' என்று போட்டிருக்கிறானே, நடந்ததைக் கேள்.

சபை விருந்துக்கு நேர்ந்துவிட்ட நம் பன்றி, விமானம் வரும் சங்கு ஊதிய நேரம் பார்த்துப் பட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுதளத்துக்குள் பாய்ந்தது. மேலே விமானம் வட்டமடிக்கிறது, கீழே ஓடுதளத்தையே மைதானமாக்கி வாலிபால் ஆடிய பிள்ளைகள் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், போலீஸ்காரர் கைட்டு, விசிலை விட்டுவிட்டு வாயால் கத்துகிறார், "ஓய் சிலிகா! உன் பன்னி நகர்ந்தாத்தான்யா பிளேன் இறங்கும்!" "அதை அதுகிட்டயே சொல்லுமேன்!" என்றபடி நான் துரத்த, அது கொடியில் காய்ந்த உன் அம்மாவின் சபைப் பாவாடையைத் தலையில் மாட்டிக்கொண்டு காயலில் இறங்கிவிட்டது. நானும் இறங்கினேன். பின்னங்காலைப் பிடித்தேன். அதே நேரம் என் கால் கடல் முள்ளெலி மேல். கண்ணில் தண்ணீர் வராமல் தேனா வரும்? கரையில் நின்ற தொப்பிக்காரப் படக்காரன், "ஐயா, அப்படியே நில்லுங்க, சோகம் அருமையா வந்திருக்கு!" என்றான். "சோகமில்ல தம்பி, முள்ளு!" என்று அலறினேன். படத்திலிருந்து பன்றியை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டுவிட்டான். கடைசி மனிதனாம்! அவன் முதுகுக்குப் பின்னால் பாதி ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கடல் ஏறுவது பொய் என்று சொல்லவில்லை, மகளே. பேரலை மாதத்தில் நம் கிழங்குக் குழியில் உப்பேறி, நட்டதெல்லாம் அழுகிவிட்டது. உன் அம்மா ஒருநாள் முழுக்கக் குழிக்கரையில் உட்கார்ந்து அழுகியதை அள்ளிப் போட்டாள். மறுநாள் தகரப் பீப்பாய்களில் மண்ணை நிரப்பி, கிழங்கை உயரத்தில் நட்டாள். படம் எடுக்கிறவன் அதை எடுக்கட்டும். மண்டபத்தில் மரப்பெட்டியைத் தட்டி ஊரே ஆடும்போது தரை அதிர்கிறதே, அதை எடுக்கட்டும். என் அப்பன் பாட்டன் படுத்திருக்கும் மண் இது. கதவைச் சாத்திக்கொண்டு வாழும் உங்கள் குளிர் தேசத்துக்கு நான் எதற்கு? கடல் வந்து கேட்டாலும் இதே பதில்தான். டிக்கெட்டைச் சம்பந்தியம்மாவுக்குக் கொடு, ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர் அவர்தான்.

உன் வாசல்மேல் கர்த்தரின் கை என்றும் இருக்கட்டும்.

இடத்தைவிட்டு அசையாத
அப்பா சிலிகா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் உன் அம்மா போனும் கையுமாக ஓடி வந்தாள். "ஏங்க, நம்ம பொண்ணு முழுகாம இருக்காளாம்!" "நாமளும்தான் முழுகாம இருக்கோம், இதுல என்னடி அதிசயம்?" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்த பிறகே புரிந்தது. டிக்கெட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே, அம்மாவுக்கும் ஒன்று எடு, வருகிறோம். ஆனால் குழந்தைக்குத் தலை நின்றதும் எல்லாருமாக இங்கே திரும்புகிறோம். என் பேரப்பிள்ளை குளியல் தொட்டியில் நீச்சல் பழகக் கூடாது.