வெயிலில் ஒழுகிய கூரை

ஒழுகும் கூரைகள் எல்லாமே நடிகர்கள். நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது கொட்டோ கொட்டென்று கொட்டும். காசு தரக்கூடியவர் யாராவது வந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு சொட்டு விடாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கலைக்கூடத்தின் கூரையும் அந்த ரகம்தான். அதை மாற்றி, மேலே ஒரு மாடி எழுப்பக் காசு கிடைக்காவிட்டால், இடத்தை வெங்காயக் கிடங்காக வாடகைக்கு விடுவதென்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. எங்கள் நாடகக் குழுவுக்கு வேறு போக்கிடம் இல்லை. கடைசி நம்பிக்கை ஹாட்வெயார் கடை ஹாஜியார். அவர் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில் ஊரையே வறுக்கிற வெயில்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (கம்பஸில் பட்டம் முடித்த மூளை. அதுதான் பிரச்சினையே.)

"மச்சான், மழை வராட்டி என்ன, நாங்க பெய்விப்பம்," என்றேன் எங்கள் குழு ரொஷானிடம்.

"உனக்கு விசரா?" என்றான். ஆனால் ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

அவன் குழாயடியில். நான் ஹோஸோடு கூரையில். உள்ளே எங்கள் நடன டீச்சர் தேவி அக்கா, மேலே நடப்பது எதுவும் தெரியாமல், ஹாஜியாரை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். வெடிப்பு வழியாக எல்லாம் கேட்டது.

"மழை வந்தா வாளி வைச்சுத்தான் ஆடுவம், ஹாஜியார்."

கை காட்டினேன். ரொஷான் திறந்தான். உள்ளே அருவி. சந்தோஷத்தில் எனக்குக் கூரையிலேயே ஒரு ஆட்டம் போடவேண்டும்போல் இருந்தது.

"டீச்சர்," ஹாஜியாரின் குரல் ஆறுதலாக வந்தது. "யன்னலால பாருங்க. ரோட்டுல வெயில் எறிக்கிது. உங்கட ஹோலுக்கு மட்டும் தனியா மழை பெய்யிதா?"

அக்காவின் பதிலைக் கேட்க இன்னும் கொஞ்சம் குனிந்தேன். மடார். கூரைச் சீட் உடைந்து என் இடது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. செருப்பு கழன்று போய் ஹாஜியாரின் பிளேன்டீயைக் கவிழ்த்தது.



"மகள்," என்றார் ஹாஜியார், என் காலைப் பார்த்து. "அடி கிடி பட்டதா?"

"இல்ல, ஹாஜியார்."

"அப்ப கொஞ்சம் அசையாம இருங்க. சீட் எவளவு உக்கியிருக்கு என்டு பாத்துக்கொள்றன்."

ஏணி வைத்து என்னை இறக்கிய பிறகு, கீழே கிடந்த துண்டை எடுத்து அமத்திப் பார்த்தார். கிறீம்கிறக்கர் மாதிரி நொறுங்கியது.

"தண்ணி பொய்," என்றார். "கால் பொய் இல்ல. புள்ளைகள் ஆடுற இடம் டீச்சர். மேல இருந்து கால் வந்தாப் பரவாயில்ல, சீட் வந்தா?"

கூரையும் மாடியும் அவர் செலவு. (ரொஷான் அன்றைக்கு முழுக்க, திட்டம் தன்னுடையது என்று சொல்லித் திரிந்தான்.)

மாடி எழும்பியதும் பலகையில் அவர் பெயரைப் போடக் கேட்டோம். "என்ட பேர் வாணாம். கால் குடுத்தது அந்தப் புள்ள," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலகையில் 'மேல் மண்டபம்' என்றுதான் எழுதியிருக்கிறது. யார் வாசிக்கிறார்கள்? கொட்டாஞ்சேனை முழுக்க, த்ரீவீல்காரர் உட்பட, சொல்வது ஒற்றைக்கால் மண்டபம். வெள்ளவத்தையிலிருந்து நாடகம் பார்க்க வருபவர்கள் அந்த ஒற்றைத் தூணைத் தேடித் தேடிக் களைக்கிறார்கள். போன கிழமை அம்மா கல்யாணத் தரகரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், அந்த மண்டபம்தான். இல்லை, தூண் இல்லை. எங்கட மகள்."