வாடை விடாதே

செடித்தொட்டியில் மனைவி ஒட்டிவிட்டுப் போன சீட்டை எழுத்துக்கூட்டி மூன்றாம் முறையும் படித்தார் மூட்டைக்காரர். வா... டை... வி... டா... தே. சந்தேகமே இல்லை. நாற்றம் வெளியே போகாதபடி சன்னல்களை இறுகச் சாத்தினார்.

வாடை படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது. அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து ஏறி வந்தபோது, கீழ்வீட்டு மின்சார வேலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராய் ஒட்டி நின்றார்.

மூட்டைக்காரருக்கு எந்த வாடையும் தெரியாது. மீன்கழிவை அரைத்துத் தூளாக்கும் ஆலையில் முப்பது வருஷமாக மூட்டை சுமக்கிறார். மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எழுத்து பிறந்ததே போன வருஷம்தான். மனைவி சொல்லிக் கொடுத்தது.

செடியும் அவள் கொண்டுவந்ததுதான். ஆலைக்குப் பின்னாலிருந்த சதுப்பை மண் கொட்டி மூடியபோது, முழங்கால் சேற்றில் இறங்கி ஒரே ஒரு கிழங்கைத் தோண்டி வந்தாள். அபூர்வச் செடியாம், பெயர் நாற்றக்கோஸ். படியில் யாராவது முகம் சுளித்தால் போதும், அவர் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொள்வாள்.

"எங்க வீட்டுச் செடிங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

இப்போது பொறுக்கச் சொல்ல ஆளில்லை. மகளின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதமாகிறது. பேரன் சிரிக்கிறானாம், குப்புற விழுகிறானாம். இங்கே அலமாரியில் இரண்டு டம்ளர், ஒன்றுதான் நனைகிறது. எப்போது வருவாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவளாகத்தான் ஒருநாள் போனில் சொன்னாள்.

"மொட்டு விரிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மறுநாளே கெளம்பி வந்துடறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் மனுஷர். கட்டைவிரல் பருமனில், சேற்றைப் பிளந்துகொண்டு நின்றது கருஞ்சிவப்பு மொட்டு. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதன் காதோரம் குனிந்து, "சீக்கிரம் விரியேன்டி" என்று கெஞ்சுவார்.

சன்னல் பலிக்காததால் தொட்டியைச் சாக்கால் மூடிக் கட்டினார். சாக்கு ஆலைச் சாக்கு. அடுத்த மாடிக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டார். ஈரச் சேறுதான் நாறுகிறதென்று யாரோ சொல்லத் தண்ணீரை நிறுத்தினார். நான்காம் நாள் மொட்டு தலையைத் தொங்கப் போட்டது. மொட்டு போனால் அவளை எதைச் சொல்லி அழைப்பது?

காற்றாவது படட்டும் என்று தொட்டியைச் சுமந்துபோய் மொட்டைமாடியில் வைத்தார். மூட்டை சுமந்த முதுகுதான். ஆனால் எந்த மூட்டையும் இப்படிக் கனத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் நிம்மதியாகப் படியேறினார். செடி இல்லை, வாடையும் இருக்காது. மின்சார வேலைக்காரர் அன்றும் மூக்கைப் பொத்தினார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார் மூட்டைக்காரர். மேல்வீட்டுத் தையல்காரம்மா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவள், கையில் சீட்டோடு இறங்கி வந்தாள். காய்ந்து கிடந்த தொட்டிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டாளாம், மொட்டு நிமிர்ந்துவிட்டதாம்.

"ஏண்ணே இப்படி வாட விட்டீங்க?"

"வாடை விடாதேன்னு அவதான் எழுதி வச்சிருக்கா."

அவள் சீட்டை நகத்தால் சுரண்டினாள். 'வா'வுக்கும் 'ட'வுக்கும் நடுவே சுழித்துக்கொண்டிருந்த சங்கிலிக்கொம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெறும் சேறு.

"வாட விடாதேன்னுல்ல எழுதியிருக்காங்க."

"அப்போ வாடைய என்ன பண்றதும்மா? செடிய மாடிக்கே கொண்டுபோயிட்டேன், அப்பவும் போகலையே."

அவள் அவரையும், அவர் தோளில் கிடந்த ஆலைத் துண்டையும் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்தச் செடி பூத்தாத்தான் நாறும்ணே. மத்த நாளெல்லாம் உங்களை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு, அண்ணிதான் பழிய அது தலையில போட்டுக்கிட்டிருந்தாங்க."