சிங்கம் பார்த்த சகலையைப் பற்றி மாமாவுக்கு

ஷார்ஜா,
12.05.2006, வெள்ளிக்கிழமை

கண்ணியத்துக்குரிய மாமா கௌஸ் முகம்மது அவர்களின் சமூகத்துக்கு மூத்த மருமகன் சதக்கத்துல்லா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் நானும் உங்கள் மூத்த மகள் ஹஃபீஸாவும் சுகம். தங்கள் மூட்டுவலியும் மாமி மதீனா பீவியின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்க துஆ செய்கிறோம். ஜெபல் அலியில் என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் நாளை லீவில் பரமக்குடி போகிறார். அவர் வழியாகக் கோடாலித் தைலமும் பால்பவுடரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தைலத்தை யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கடிதத்தை மாமா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கீழக்கரைக்கு வழி சொல்லும்போதே சொல்லிவிட்டேன்.

சுகம் என்று மேலே எழுதியது கடித முறைக்காக. உள்ளபடி சொன்னால் நான் சுகமாக இல்லை. போனில் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வீட்டில் போன் இருப்பது சமையலறை வாசலில், சமையலறையில் இருப்பது உங்கள் மகள்.

பிப்ரவரி மாதம் உங்கள் இளைய மருமகன், என் சகலை ராஜிக், டயர் நிறைய விற்றதற்காக அவருடைய கம்பெனி அவரையும் மனைவி மெஹர்பானுவையும் ஒரு வாரம் கென்யாவுக்குக் காட்டுமிருகம் பார்க்க அனுப்பியது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. கிளம்பும் முன் ஹஜ்ஜுக்குப் போகிறவர் மாதிரி உங்களுக்கு போன் போட்டு, அறிந்தும் அறியாமலும் செய்த குற்றம் குறையெல்லாம் பொறுக்கச் சொல்லிக் கேட்டாரல்லவா? இங்கேயும் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "காக்கா, காட்டுக்குப் போறேன், என்ன நடக்குமோ, பொறுத்துக்குங்க" என்றார். அண்ணன் ஸ்தானத்தில் இருந்து நானும் பொறுத்தேன் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்து செய்யப்போவதையும் சேர்த்துப் பொறுத்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் கம்பெனியும் நீண்ட நாள் சேவைக்கு எனக்குப் பரிசு கொடுத்தது மாமா, இல்லையென்று சொல்லவில்லை. சுவர்க்கடிகாரம். அது தினமும் பின்தங்குகிறது. அதைப் பார்த்து நிதானமாகக் குளித்துக் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன், சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு கதை சொல்வது யார்? நான். என்ன கதை? ஒட்டகக் கதை. லிவா பாலைவனப் பாதையில் பிக்கப் மணலில் புதைந்து, நான் இறங்கி மணல் வாரிக்கொண்டிருக்கையில் ஒட்டகம் ஒன்று ஜன்னலில் தலையை விட்டு என் மதியச் சோற்றையும் முதலாளியின் டெலிவரி சீட்டையும் தின்றுவிட்டு, ஹாரன் மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போன அந்தக் கதை. உங்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, "சதக், அந்த ஒட்டகத்தக் கூப்புடு" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ராஜிக் கென்யாவிலிருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் தொண்டையைச் செருமினேன். மெஹர்பானுவின் மகன் ரிபாய் ஏழு வயசு, தமிழ் பாதி வாயில் நிற்கிறது, "பெரியவாப்பா, நோ கேமல் ப்ளீஸ்! வாப்பா லயன் பார்த்தாங்க!" என்றான். பிள்ளையை என்ன சொல்ல? அன்றைக்கு வாயை மூடியவன்தான், இன்னும் சாப்பிட மட்டுமே திறக்கிறேன்.

சகலை ஆல்பத்தை விரித்தார். யானை, வரிக்குதிரை, ஏரி நிறைய ரோஜாநிறப் பறவை, எல்லாவற்றுக்கும் முன்னால் ராஜிக். ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் மட்டும் மெஹர்பானு. கழுத்து படத்துக்கு வெளியே போய்விட்டது, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைச் சொல்கிறேன். பிறகு மசாய் மக்கள் கட்டுகிற சிவப்புப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். நம் ஊர்க் கட்டம்போட்ட சாரத்தை இடுப்பில் கட்டாமல் தோளில் கட்டினால் அதுதான், வேறொன்றும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கால் மடக்காமல் நின்ற இடத்திலேயே குதிப்பார்களாம், குதித்துக் காட்டினார். கீழ்வீட்டு மலையாளி மேலே வந்து யாராவது விழுந்துவிட்டார்களா என்று விசாரித்தார். மெஹர்பானு என் மனைவிக்கு ஒரு பாசிமணி மாலை கொண்டுவந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தங்கக்கடைத் தெருவில் நான் வாங்கிக்கொடுத்த சங்கிலியெல்லாம் பெட்டிக்குள் துணிசுற்றித் தூங்குகிறது. அந்தப் பாசிமணி மீன் ஆயும்போதுகூட அவள் கழுத்தில் கிடக்கிறது.

இதைப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். சரி, பொறாமைதான். ஆனால் சிங்கம் பார்த்ததற்கில்லை, விமானத்துக்கும் ஓட்டலுக்கும் இல்லை. சொல்லிவிடுகிறேன். சகலை கதை சொல்லும்போது ஹஃபீஸா சோற்றுக்கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று, கண்ணைப் பெரிதாக்கி, "அப்புறம்?" என்று கேட்டாள். என் தட்டில் சோறு விழவில்லை. அந்த "அப்புறம்?" எனக்குச் சொந்தமானது மாமா. கல்யாணமான புதிதில் நான் லீவு முடிந்து போகும்போது அவள் அழாமல் இருக்க ஒட்டகக் கதையை ஆரம்பிப்பேன், அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே "அப்புறம்?" என்பாள். கடைசியாக என்னை எப்போது கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. இப்போது நான் பேச ஆரம்பித்தால் "ம்" என்கிறாள். "ம்" என்றால் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் "ம்"தான்.

இதில் நீங்களும் சம்பந்தப்பட்டிருக்கிறீர்கள். மசாய்க் கிராமத்தில் ஒரு பெரியவர் ராஜிக்கைப் பார்த்து, வழிகாட்டி மூலமாக, உனக்கு எத்தனை மாடு என்று கேட்டாராம். மாடு இல்லை, நிசான் சன்னி இருக்கிறது என்றிருக்கிறார். பெரியவர் பாவப்பட்டு முதுகைத் தடவினாராம். மாடில்லாதவனுக்கு யார் பெண் கொடுத்தது என்று அடுத்த கேள்வி. எங்கள் ஊரில் மாப்பிள்ளை மாடு கொடுக்க வேண்டாம், பெண்ணுக்கு வீட்டையும் கொடுத்து மாப்பிள்ளையையும் அங்கேயே வைத்துச் சோறு போடுவார் என் மாமா என்று சகலை உங்கள் பெருமையைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இளைஞர்கள் நாலைந்து பேர் தனியே வந்து உங்கள் விலாசம் கேட்டார்களாம். கடைசித் தங்கை ருமைஸாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று மெஹர்பானு சொன்ன பிறகுதான் கலைந்தார்களாம். இதை ராஜிக் சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

சிங்கத்துக்கு வருகிறேன். முதல் வெள்ளிக்கிழமை அது தூரத்து மரத்தடியில் படுத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து வேன் பக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் வேனின் நிழலிலேயே படுத்துவிட்டது. இப்போது வாலைச் சக்கரத்தின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறது, சக்கரம் சகலையின் கம்பெனி டயர். வெயில் ஏறுகிறது. டிரைவர் வாயில் விரல் வைத்துவிட்டார், சத்தம் கூடாது, வண்டியை எடுக்கவும் முடியாது. வேனின் மேற்கூரை திறந்திருக்கிறது. அங்கே கிடைக்கிற கறி ஹலாலோ என்னவோ என்று மெஹர்பானு ஷார்ஜாவிலிருந்தே மாசிக் கருவாட்டுச் சம்பல் அரைத்து டப்பாவில் கொண்டுபோயிருக்கிறாள். பசி தாங்காமல், சத்தமில்லாமல் திறப்பதாக நினைத்து, மூடியைத் திருகியிருக்கிறாள். மாசி வாசம் உங்களுக்குத் தெரியும். நம் தெருவில் ஒரு வீட்டில் திறந்தால் கடற்கரைப் பள்ளிவாசல் வரைக்கும் போகும். கீழே குறட்டை மாதிரி கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றது. சிங்கம் தலையைத் தூக்கியது. மூக்கை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆட்டியது. மெல்ல முன்னங்காலை ஊன்றியது. சகலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தெரிந்த சூரா அத்தனையும் ஓத ஆரம்பித்தார், டப்பாவை மூடச் சொல்லவும் வாய் காலியாக இல்லை. மெஹர்பானுவோ மூடியைக் கீழே தவறவிட்டுவிட்டாள். அது உருண்டு உருண்டு போய்... இதற்கு மேல் எழுத மாட்டேன். அது ராஜிக்கின் வேலை, என்னுடையது இல்லை.

இந்தக் கதையில் ஓட்டை இருக்கும் என்று எனக்கு நிச்சயம். எங்கள் கிடங்கு வாசலில் ஜோசப் என்று ஒரு வாட்ச்மேன், கென்யாக்காரர். ஆல்பத்தை இரவல் வாங்கிக்கொண்டுபோய் அவரிடம் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியிலும் ஆங்கிலத்திலும் கதையைச் சொல்லி, சிங்கம் இப்படியெல்லாம் செய்யுமா பாய் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும் பாய்? நான் நைரோபியில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பொறந்தவன். சிங்கத்த டிவியிலதான் பாத்திருக்கேன். காட்டுக்குள்ள போகவே அவ்வளவு காசு கேக்கிறான்" என்றார். டயர் விற்கிறவனுக்கு என் நாட்டுச் சிங்கம், எனக்கு இந்தக் கிடங்கு வாசலா என்று அவர் முகம் வாடிப்போய்விட்டது. சரி, நமக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சகலையைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம், படத்தில்தான். பிறகு அவர், "மூடி உருண்டுச்சே, அதுக்கப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். வெளியே ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது, வாட்ச்மேன் எழுந்து போகவில்லை. கடைசியில் பன்னீர்செல்வம் ஓடிவந்து, "யல்லா, கேட்டைத் தொறங்கப்பா!" என்று கத்தவேண்டியதாயிற்று.

ஆகவே மாமா, விஷயம் இதுதான். ருமைஸா கல்யாணத்துக்கு ராஜிக் எனக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்கு வந்துவிடுவார். நான் வந்து இறங்கும்போது கீழக்கரை முழுவதும் சிங்கம் உலாவிக்கொண்டிருக்கும். என் ஒட்டகத்துக்கு நிற்க இடம் இருக்காது. பந்தி முடிந்து எல்லாரும் உட்காரும்போது ஹஃபீஸா எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் தயவுசெய்து அவர் வந்ததும் பந்தல்காரர், பாத்திரக்காரர், பத்திரிகை கொடுப்பது என்று அலையவிடுங்கள். ஆல்பத்தைப் பார்த்தால் மாமியின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். சிவப்புப் போர்வையைக் கண்டால் உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள், சாயம் போகும் என்று நம்புகிறேன். சிங்கம் என்று வாயெடுத்தால், "வயசாயிருச்சு தம்பி, காது கேக்கல" என்று சொல்லிவிடுங்கள். மூத்த மருமகன் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

மாமிக்கு என் சலாம். ருமைஸாவுக்கு என் துஆவும் ஒரு கைக்கடிகாரமும், அது ஒழுங்காக ஓடுகிறது, பார்த்துத்தான் வாங்கினேன். எல்லாருடைய பயணமும் நல்லபடியாக முடியட்டும், சிலருடைய பயணக்கதைகள் சீக்கிரமே முடியட்டும் என்று கையேந்தும்,

தங்கள் மூத்த மருமகன்,
சதக்கத்துல்லா.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுத் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போனேன். திரும்பி வந்தால் கடிதம் ஹஃபீஸாவின் கையில். பாசிமணி விஷயத்தையும் "ம்" விஷயத்தையும் தாண்டிவிட்டாள் என்பது பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரிக்கிறாள் மாமா. மூடி உருளும் இடத்தில் நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தாள். நான் ஒரு பக்கம்தான் எழுதுவேன், பின்பக்கம் வெறும் தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்று கேட்டாள். ராஜிக் வாயால் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டு முடிவு தெரிந்தவள், என்னிடம் கேட்டாள்.

"அப்புறம் என்ன, அந்த வழியா ஒரு ஒட்டகம் வந்துச்சு. வேன் ஜன்னல்ல தலைய விட்டு மாசிச் சம்பல டப்பாவோட தின்னுட்டு, ஹாரன்ல தாடைய வச்சு அமுக்குச்சு. அந்தச் சத்தத்துல சிங்கம் எடுத்துச்சு பாரு ஓட்டம்" என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகையால் மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடுங்கள். போர்வையைத் துவைக்க வேண்டாம், ஆல்பத்தைப் பூட்ட வேண்டாம், காது நன்றாகவே கேட்கட்டும். ராஜிக் வந்து சேருவதற்குள் இந்தக் கடிதத்தை மட்டும் எல்லாரையும் உட்காரவைத்து ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுங்கள். பொறாமை என்று வருகிற இடத்தைத் தாண்டிவிடுங்கள், சிங்கம் மூக்கை ஆட்டும் இடத்தில் அவசரப்படாதீர்கள். அப்படி ஒட்டகமே வரவில்லை என்று அவர் வந்து சாதித்தால் நம்ப வேண்டாம். அவர்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாரே.