பிரசங்கத்துக்கு இரவல் வாங்கிய மாடுகள்

நான் ஒரு சந்தேகப் பிராணி. யாராவது சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தால், முதலில் அவர்கள் குடிக்கட்டும் என்று காத்திருப்பவன். (கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் இதே விதிதான்.) அந்தப் புத்தி என்னைக் கவிழ்த்தது ஐம்பதுகளின் கடைசியில், கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகையன்று.

அந்த ஊர்க் கோயிலில் போதகருக்கு உதவியாக ஜெபம் நடத்தும் உபதேசியார் வேலை காலியாக இருந்தது. என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, வேலை எனக்கா, பாட்டுக்குழு எபனேசருக்கா என்று போதகர் முடிவு சொல்வார். சும்மா பேசினால் எடுபடுமா? ஜோடி மாட்டை நுகத்தில் பூட்டி ஜனங்கள் முன்னால் நிறுத்தி, "நுகம் சுமக்கிற மாடு பின்வாங்காது, விசுவாசியும் அப்படித்தான்" என்று ஒரு போடு போடலாம் எனத் திட்டம்.

மாட்டுக்காக அந்த ஊர் விவசாயி கருப்பையா அண்ணனிடம் போனேன். கயிறு கேட்டாலே நாளைக்கு வரச் சொல்கிறவர், மாட்டைக் கேட்டதும் "ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார். நான் விடுவேனா?

"முட்டுமாண்ணே? ஒதைக்குமா? மிரளுமா?"

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேக்குறீங்களே. ரெண்டும் சாதுங்க."

அப்படியும் பல்லைப் பிடித்துப் பார்த்தேன், குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். வாலைக்கூட விடவில்லை.

பண்டிகையன்று கோயில் வாசலில் பூசணி, வாழைத்தார், சேவல் என்று காணிக்கைக் குவியல். அதன் பின்னால் நாற்காலியில் போதகர். குவியலுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி மாடுகள். எபனேசர் குழு கீர்த்தனை பாடியபோது மாடுகள் முன்னே நகரப் பார்த்தன, நான் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நான் கம்பீரமாகக் கையைத் தூக்கியதும் பாட்டு நின்றது.

"இந்த மாடுகளைப் பாருங்கள். இவை ஒருநாளும் பின்வாங்காது" என்றேன்.

இரண்டும் நிதானமாகப் பின்னாலேயே நடந்தன. பூசணி நசுங்கியது. சேவல் போதகர் மடியில் ஏறியது. எனக்கு எபனேசர் மேல்தான் சந்தேகம். "வாலை விடுய்யா" என்று கத்தினேன். அவனோ எனக்கு எதிரே பாட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தான். பாவம், நிலைமையைச் சமாளிக்க அடுத்த சரணத்தை எடுத்தான். மாடுகள் முன்னே வந்தன. சரணம் முடிந்ததும் மறுபடி பின்னே போயின.

வேடிக்கை பார்க்க வந்த கருப்பையா அண்ணன் விளக்கினார். "கமலை எறைக்கிற மாடுங்க. நான் பாடிக்கிட்டே சரிவுல எறக்குவேன், கெணத்துலருந்து தண்ணிச் சால் மேல வரும். தண்ணி கொட்டுனதும் பாட்ட நிப்பாட்டுவேன். அது பின்னாலயே ஏறிரும். பழக்கம்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முட்டுமா, ஒதைக்குமான்னுதானே கேட்டீங்க?"

போதகர் சேவலை இறக்கிவிட்டு எழுந்தார். "பின்னால வந்தாத்தானே அடுத்த சால் தண்ணி? எசமான் எங்கிட்டுப் போகச் சொன்னாலும் போகுதுங்க. கீழ்ப்படிதல்னா இதுதான்" என்று ஆராதனையை முடித்துவிட்டார். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். வேலை எபனேசருக்குப் போயிற்று. மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிற்பாடு பள்ளிக்கூட வாத்தியாராகிப் பிழைத்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை முடிந்ததும், பேரப்பிள்ளைகள் வரிசையாக எழுந்து பின்னாலேயே நடந்து அடுப்படிக்குப் போகின்றன. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம். என் மனைவி மட்டும் கண்ணைத் திறக்காமல் இன்னும் ஜெபத்திலேயே இருக்கிறாள்.