எல்லைக்கோட்டார்

மனித இனத்தில் புதிதாக ஒரு வகை பெருகிவருகிறது. இவர் சர்க்கரை நோயாளி இல்லை, நோய் இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே, இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நிற்பவர். “பார்டர்ல இருக்கீங்க, இப்பவே கவனிச்சா மாத்திரை இல்லாமலே சமாளிச்சிடலாம்” என்று டாக்டர் சொல்லும் நிமிடத்தில் இவர் பிறக்கிறார். அதற்கு முன்பு வாழ்ந்த ஐம்பத்திரண்டு வருடங்கள் கணக்கில் சேராது. நான் இவருக்கு எல்லைக்கோட்டார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? அந்தச் சிரமத்தை இவர் உங்களுக்கு வைப்பதே இல்லை. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி ஒன்று என்று தன் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உங்களை நலம் விசாரிப்பார். லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். உங்கள் தேநீரில் நீங்கள் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கும், இவருக்கு மறக்காது. அலுவலகத்தில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால், கணையம் எப்படி உழைத்து ஓய்கிறது என்று மெழுகுவர்த்தி உருகி முடிகிறவரை விளக்கிவிட்டு, அதிலேயே பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக்கொள்வார். எவ்வளவு கெடுதல் என்று தெரிய வேண்டாமா?

எனக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்குக் காரணம், இந்த வகையின் உயர்ந்த மாதிரி ஒருவர் என் அக்காவைக் கட்டியிருக்கிறார்.

அக்காவின் கணவர் கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். முப்பது வருடமாகக் கோடு போட்டே பிழைத்தவர் எல்லைக்கோட்டில் வந்து நின்றதும், டாக்டரம்மா மூன்று மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் எண் இறங்கவில்லையென்றால் மாத்திரை. மாத்திரை என்றால் இவருக்குக் குலை நடுக்கம். இவருடைய அண்ணன் ஒரு மாத்திரையில் தொடங்கி இப்போது ஒன்பதில் இருக்கிறார். ஆகவே வீட்டில் போர்க்கால நடவடிக்கைகள் தொடங்கின.

முதலில் நடை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி. அதை எண்ணுவதற்குக் கையில் ஒரு பட்டை. முதல் வாரம் உண்மையாகவே நடந்தார். இரண்டாவது வாரத்தில், கையை வீசினாலே பட்டை அதை அடி என்று நம்பிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு சோபாவில் சாய்ந்தபடியே செய்தி பார்த்துக்கொண்டு, வலது கையை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பதினான்காயிரம் அடி நடந்திருந்தார். கால் மரத்துப்போய்விட்டது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்தது தட்டு. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முட்டையோ பயறோ, மீதி கால் பங்குதான் சோறு என்று டாக்டரம்மா ஒரு வட்டம் வரைந்து காட்டியிருந்தார். வட்டத்தைப் பார்த்ததும் இவருக்குள் இருந்த வரைபடக்காரர் விழித்துக்கொண்டார். அழியாத மையால் தட்டில் கோடு கிழித்தார். ஆனால் கால் பங்குச் சோறு இவருக்குப் போதவில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் விதி மீறலாகிவிடும். மனிதர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, கடைக்குப் போய் விருந்துகளில் பத்துப் பேருக்குப் பழம் வெட்டி வைக்கிற தாம்பாளம் ஒன்றை வாங்கி வந்து, அதிலும் அதே கோடுகளைக் கிழித்தார்.

“விகிதம் மாறல மாப்ளே. ஸ்கேல்தான் மாறியிருக்கு” என்று என்னிடம் விளக்கினார்.



அக்கா ஒரு சின்னத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தாள். வந்து தண்ணீர் குடித்தாள். உள்ளங்கையில் எதையோ வைத்து வாயில் போட்டுக்கொண்டதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் அப்போது நார்ச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. என் காரில்தான் இருவரையும் அழைத்துப் போனேன். பரிசோதனை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தட்டு விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய கை அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. பாவம், உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

“ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் வந்திருக்கு” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு பேரா?”

அவருடையது ஆறு புள்ளி மூன்று. ஏறியிருந்தது. டாக்டரம்மா அடுத்த தாளைத் திருப்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “ஏழு புள்ளி எட்டுல இருந்து ஆறு புள்ளி நாலுக்கு வந்திருக்கீங்க. மாத்திரையை இப்படியே தொடருங்க, நடையையும் விட்டுடாதீங்கம்மா.”

அக்காவுக்குச் சர்க்கரை நோய். எல்லையில் இல்லை, தாண்டி உள்ளே. மூன்று மாதத்துக்கு முன்பு அவர் ரத்தம் கொடுத்த அதே நாளில், அதே இடத்தில்தான் அவளும் கொடுத்திருக்கிறாள். முடிவை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது, இவர் தன் காகிதத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாராம்.

“ஏன்டி சொல்லல?” என்று கேட்டார்.

“சொல்லலாம்னு மூணு மாசமாப் பாக்குறேன். நீங்க பேசி முடிக்கலையே” என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் வாராவாரம் அந்த வீட்டுக்குப் போய் அவருடைய எண்ணை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பியவன்தானே.

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தாள்களையும் வாங்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“இப்பவும் உன்னைவிட நான் ஒரு புள்ளி கம்மிதான்” என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு புள்ளி மூன்று என்று நான் சொன்னதும் உங்கள் எண்ணை மனசுக்குள் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா இல்லையா? பார்த்திருப்பீர்கள். அது உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நல்லது. உங்கள் வீட்டில் உங்களுக்குச் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவருடைய எண் என்ன?