காதுவில்லைப் பெரும்போர்

பத்திரத்தில் பெயருடையோன், அடையாள அட்டையில் படமுடையோன், சாய்வு நாற்காலி என்னும் அரியணைக்குத் தனியுரிமை பூண்டோன், தன் தொழுவத்தைச் சன்னல் வழியாக மட்டுமே கண்டருளிய கருணைக்கடல், மண்ணைத் தொடாமலே உழவர் திலகமான வீட்டுக்காரர் வாழ்க. அவர் கைபற்றிய கயிறு வாழ்க. கோபுர உச்சியில் உறையும் சிக்னல் தேவி, இக்கதை முடியுமட்டும் கைபேசியில் ஒரு கோடாவது காட்டி அருள்க.

போரின் காரணம் இது. சென்ற மழையில் தொழுவக் கூரையின் ஒரு பாதி சரிந்தது. மறு பாதி சரிய நாள் பார்த்திருந்தது. புதுக் கூரைக்கு அரசு மானியம் உண்டு. அதற்குப் பயனாளியின் திருமுகமும், பசுவின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் எண்ணும் ஒரே படத்துக்குள் துலங்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கு மானியச் செயலியின் கதவு அடைபடும். அடைபட்டால் வருகிற மழைக்குப் பசு நனையும்.

மணி நாலரைக்கு, ஸ்கூட்டர் என்னும் தேரேறி, கைபேசி என்னும் வேலேந்தி, அப்படம் பிடிக்க மானிய ஆய்வாளர் எழுந்தருளினார். கஞ்சி மொடமொடக்கும் வெண்சட்டையும் கமகமக்கும் பவுடரும் பூண்டு வீட்டுக்காரர் களம் புகுந்தார். புல் அறுத்து, சாணம் அள்ளி, கன்று ஈன்றபோது விடிய விடிய உடனிருந்த வீட்டுக்காரி, பசுவின் கழுத்தைத் தடவியபடி நின்றாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க. படத்துல பயனாளி மட்டும்தான் வரணும்."

"மாட்டுக்கு அவரைத் தெரியாதே தம்பி."

"செயலிக்குத் தெரியும்கா. அது போதும்."

அவள் வைக்கோல் போருக்குப் பின்னே ஒதுங்கினாள். வீட்டுக்காரர் கயிற்றைப் பற்றி, மூவுலகும் நடுங்க முழங்கினார்: "எந்த வீட்டுத் தீனியத் தின்னுட்டு யாருகிட்ட சிலுப்புற?"

தீனி போட்ட கை எதுவென்று நன்கறிந்த அப்பசு, பகைவர் கொடியைக் கண்ட பட்டத்து யானையெனக் காது விடைத்து, கரிய மேகம் மின்னலைச் சுழற்றுவதுபோல் வாலைச் சுழற்றி, அதில் அப்பியிருந்த பசுஞ்சாணத்தால் வெண்சட்டை மீது வெற்றி முத்திரை பதித்தது. கயிறு அறுந்தது. வேந்தர் புறமுதுகிட்டார். ஆய்வாளர் விடாது எடுத்த படங்களில் முறையே ஒரு வாலும், எடுத்தவரின் சொந்தச் செருப்பும், ஓடும் பயனாளியின் முதுகும் தெளிவாக விழுந்தன.

மணி ஐந்தை நெருங்கியது. வைக்கோல் போருக்குப் பின்னிருந்து வீட்டுக்காரி வந்தாள். தொழுவ வேலைக்கென உடைக்கு மேலே போட்டிருந்த சாயம்போன ஆண் சட்டையைக் கழற்றி நீட்டினாள்.

"என்னங்க, இதைப் போட்டுக்குங்க."

"நாத்தம் குடலைப் புடுங்குது."

"உங்க பழைய சட்டைதான். இப்பதான் மாட்டுக்குப் புடிச்ச மாதிரி ஆயிருக்கு."

கவசம் பூண்ட மாவீரர் மீண்டும் களம் புகுந்தார். பசு மோந்தது. பெருமூச்செறிந்தது. பிரிந்த தாயைக் கண்ட கன்றெனத் தன் தலையை அவர் தோளில் சாய்த்தது. பயனாளியின் கன்னத்தருகே மஞ்சள் வில்லை உதயசூரியனாய் ஒளிர்ந்தது. செயலி சிந்தித்தது, சுழன்றது, பச்சை நிறம் காட்டிப் பணிந்தது. கூரை பிழைத்தது.

"மாட்டோட மாடா உழைக்கிற உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் இந்தத் திட்டமே," என்று ஆய்வாளர் மெய்க்கீர்த்தி பாடினார்.

அறுந்த கயிற்றைச் செங்கோலாய் ஏந்தி, ஈக்கள் சாமரம் வீச, எட்டுத் திசையும் கேட்க வீட்டுக்காரர் திருவாய் மலர்ந்தார்: "மாட்டைப் பழக்குறது ஒரு தனிக் கலை தம்பி. எல்லாருக்கும் வராது."

பால் கறக்க நேரமாகிவிட்டதால், வீட்டுக்காரி சட்டையைத் திரும்பக் கேட்டாள்.